கருப்பையா தினமும் வந்தார்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நூலகர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவளிடம் கேட்பதில் ஒரு வசதி உண்டு. அவள் இடமாறுதல் கேட்க மாட்டாள், பதவி உயர்வு கேட்க மாட்டாள், ஒரு சால்வை போட்டால் போதும். உங்கள் பயிற்சி வகுப்பில் எல்லாரும் நூலகம் ஓர் அறிவுக் கோயில் என்று சொல்லியிருப்பார்கள். நான் முப்பத்தொரு வருடம் அந்தக் கோயிலில் பூசை செய்தவள். வௌவால் எங்கே தொங்குகிறது என்று எனக்குத் தெரியும். ஆகவே கோயிலை விட்டுவிட்டு வருகைப் பதிவேட்டைப் பற்றி எழுதுகிறேன்.

புத்தகங்களுக்கு எண் போடுவது, அடுக்குவது, கட்டு கட்டாக வருவதைச் சரிபார்ப்பது எல்லாம் சொல்லித் தருவார்கள். பதிவேட்டை எப்படி நிரப்புவது என்று மட்டும் எந்த வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள். அதைச் சொல்லிக் கொடுக்க ஒவ்வொரு நூலகத்திலும் ஒரு நல்ல மனிதர் இருப்பார்.

எனக்கும் இருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலம். அன்று நாள் முழுக்க மழை. வாசகர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் குடையில்லாமல் ஒதுங்கியவர். மாலை ஐந்து மணிக்கு எங்கள் பெரிய நூலகர் டீயை வைத்துக்கொண்டு பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். டீ ஆறுவதற்குள் முப்பத்தைந்து பேர் வந்துவிட்டார்கள்.

"மூணு பேருன்னு மேல போச்சுன்னா, மூணு பேருக்கு எதுக்குங்க ஒரு கட்டடம்னு கேப்பாங்கம்மா," என்றார். "அப்பறம் இந்த மூணு பேருக்கும் எடம் இருக்காது. பேனாவ மாத்திக்கணும். கையெழுத்த மாத்திக்கணும். ஒரே நிமிசத்துல ரெண்டு பேருக்கு மேல வரக் கூடாது. செய்யுறதச் சுத்தமாச் செய்யணும்."

அவர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாசகருக்குத் தன் சைக்கிளில் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்தவர். நூலகத்தைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொய்ப் பதிவேடு எழுதுகிறவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவார் என்று நீங்கள் காத்திருக்கக் கூடாது அல்லவா? அவர் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேதான் சொல்லிக் கொடுப்பார். நான் நல்ல மாணவி. சீக்கிரமே அவரைவிடச் சுத்தமாகச் செய்தேன்.

கடைசி எட்டு வருடம் கீழவயல்பட்டி கிளை நூலகத்தில் இருந்தேன். நான் குடியிருந்தது புதுக்கோட்டையில். நார்த்தாமலைப் பக்கம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, விலக்கில் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தால் ஊர். ஒரே ஒரு கூடம், வாசலில் வேப்பமரம், பக்கத்தில் பள்ளிக்கூடம். எதிரே சாலையைத் தாண்டினால் துணை சுகாதார நிலையம். வருடா வருடம் தவறாமல் அதற்குப் பெயின்ட் அடித்தார்கள். திறப்பதில்தான் கொஞ்சம் சிக்கனம்.

அங்கே ஒரு நர்ஸம்மா இருக்க வேண்டும். பணியிடம் காலியில்லை, ஆள் நியமிக்கப்பட்டிருக்கிறார். ஆனால் அவரை 'மாற்றுப்பணி' என்று சொல்லி டவுனில் ஓர் அலுவலகத்துக்கு எழுத்து வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆள் அங்கே, பதவி இங்கே. காகிதத்தில் எங்கள் ஊருக்கு நர்ஸ் உண்டு. அதனால் இன்னொருவரைக் கேட்கவும் முடியாது. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் மட்டும் யார் என்று தெரிந்தால் என் சால்வையை அவருக்குப் போடுவேன்.

என் நூலகத்துக்கு உண்மையாகவே தினமும் வந்தவர்கள் மூன்று பெரியவர்கள். மூவரும் மூன்று கட்சி, மூன்று பேப்பர். டெல்லியை எப்படி ஆள வேண்டும், சென்னையை எப்படி ஆள வேண்டும் என்பதெல்லாம் காலை பத்து மணிக்குள் அந்த மேசையில் முடிவாகிவிடும். வெளிநாட்டுப் போர்கள் சிலவற்றையும் நிறுத்தியிருக்கிறார்கள். எதிர்க் கட்டடத்தின் பூட்டைப் பற்றி மட்டும் மூன்று கட்சிக்கும் கருத்து இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் நல்ல ஒற்றுமை.

மூன்று பேரை வைத்து மேலே கணக்குக் காட்ட முடியுமா? ஒரு காலத்தில் உறுப்பினர் சேர்க்கை இயக்கம் என்று ஊரில் வீட்டுக்கு ஒருவரைப் பிடித்துச் சேர்த்திருந்தார்கள். அந்தப் பழைய உறுப்பினர் பேரேட்டிலிருந்து, நூலகத்துப் பக்கம் ஒரு நாளும் எட்டிப் பார்க்காதவர்களாகப் பொறுக்கி எடுத்தேன். வராதவர் வந்து "நான் எப்போ வந்தேன்" என்று கேட்க மாட்டார் அல்லவா? அதில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் கருப்பையா, வடக்குத் தெரு. எளிமையான பெயர், எப்படிப் போட்டாலும் கையெழுத்து மாதிரி இருக்கும். தினமும் அவரை வரவழைத்தேன். வாரம் ஒரு புத்தகமும் அவர் பெயரில் எடுத்துக் கொடுத்தேன். மாவட்டத்திலேயே கருப்பையாவைப் போல ஒரு வாசகர் கிடையாது.

இப்போது நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அரசாங்கம் அவர்களை நம்புவதில்லை. காலையில் கண்மாய்க் கரையில் நிற்க வைத்து ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ. இரண்டும் செல்போனில் ஏறினால்தான் அன்று வேலைக்கு வந்ததாக அர்த்தம். மண்வெட்டி பிடிக்கிறவர் வந்தாரா என்று பார்க்க இரண்டு போட்டோ. பேனா பிடிக்கிறவர் வந்தாரா என்று பார்க்க ஒரு கையெழுத்து, அதையும் வேறு யாராவது போட்டுக்கொள்ளலாம். கண்மாய்க் கரையில் சிக்னல் கிடையாது. ஊரிலேயே என் நூலக வாசல் வேப்பமரத்தடியில்தான் கிடைத்தது. அதனால் அவர்களுடைய பணித்தளப் பொறுப்பாளர் ஜெசிந்தா, பிளஸ் டூ படித்த பெண், நாலு மணி வாக்கில் போனைத் தூக்கிக்கொண்டு அங்கே வருவாள். போட்டோ ஏறிவிட்டதா என்று கண்ணால் பார்க்காமல் வீட்டுக்குப் போக மனசில்லாத எட்டு ஒன்பது பெண்கள் அவள் பின்னால் வருவார்கள். வெயிலுக்கு உள்ளே உட்காரச் சொன்னேன். மேலே இருந்த என் ஆட்களை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு, வந்தவர்களைப் பதிவேட்டில் நேரம் போட்டுக் கையெழுத்துப் போடவும் சொன்னேன். உண்மையான கையெழுத்துகள் அப்படி இலவசமாகக் கிடைத்தால் யார் விடுவார்கள்?

அவர்களில் ஒருத்தி அழகம்மா. ஐந்தாவது வரை படித்தவர், ஐம்பது வயது இருக்கும். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் தேவி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் நாளே அழகம்மா சுவரை நிமிர்ந்து பார்த்தார். அங்கே 'சிறந்த எழுத்தாளர்கள்' என்று எழுதி, பத்துப் பேருடைய படங்களை வரிசையாக நான் மாட்டியிருந்தேன். அவர்களின் புத்தகங்கள் அதற்குக் கீழே.

"ஏம்மா லைப்ரரியம்மா, இவுக எல்லாரும் அண்ணன் தம்பிகளா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நானும் நிமிர்ந்து பார்த்தேன். பத்தும் ஆண்கள். பத்துப் பேருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, ஒரே மாதிரி கண்ணாடி, ஒரே மாதிரி கன்னத்தில் கை. எட்டு வருடமாக நான் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெண்ணாகிய எனக்கு அது ஒருநாள்கூடத் தோன்றவில்லை. அவர்கள் நன்றாகத்தான் எழுதினார்கள், அதில் சண்டை இல்லை. ஆனால் பத்துப் பேரும் ஒரே வீட்டு ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்துவிட்டு, ஊர் இவ்வளவுதான் என்று சொன்னால், ஜன்னலுக்குப் பின்பக்கம் இருக்கிற தெரு யாருக்குத் தெரியும்?

மற்றவர்கள் எழுதியது எங்கே என்று கேட்பீர்கள். மேசைக்கு அடியில் இருந்தது. வந்த கட்டைப் பிரிக்காமலேயே வைத்திருந்தேன், யார் கேட்கப் போகிறார்கள் என்று. அன்று சாயங்காலம் கயிற்றை அறுத்தேன். உப்பளத்தில் வேலை பார்த்த ஒருத்தி எழுதியது, மலையடிவாரத்தில் தேன் எடுக்கிற வீட்டுப் பிள்ளை எழுதியது, கடற்கரை ஊர் முஸ்லிம் பெண் ஒருவர் எழுதியது, திருநங்கை ஒருவர் தன் ரேஷன் கார்டுக்கு அலைந்த கதை, ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டுக்காரர் எழுதியது, வடகிழக்கு மலை ஊர் ஒன்றில் இருந்த நர்ஸ் தன் வேலை நாட்களைப் பற்றி எழுதியது. போட்டோ ஏறுகிற வரைக்கும் ஜெசிந்தா சத்தமாக வாசிப்பாள். மற்றவர்கள் கேட்பார்கள்.

வாசகர் வட்டம் என்றால் கைத்தட்டலும் மிக்சரும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். இவர்கள் கேட்ட விதமே வேறு. ஆப்பிரிக்கக் கதையில் ஒரு மந்திரி, தோண்டாத கிணற்றுக்கு ரிப்பன் வெட்டுகிறார். "அந்த மந்திரிக்கும் நம்மாளுகளுக்கும் ஒரே வாத்தியாரு போல," என்றார் அழகம்மா. எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு ஒருவர், "அந்தூரு ஆளுக அப்பறம் என்னதான் பண்ணாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

மலை ஊர் நர்ஸின் புத்தகத்தை நான்கு நாட்கள் வாசித்தார்கள். அந்த அம்மா தினமும் யார் வந்தார், என்ன நோவு, என்ன கொடுத்தேன், எந்த நாள் மழையில் போக முடியவில்லை என்று ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறார். முடித்ததும் அழகம்மா வாசல் வழியாக எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார்.

"அந்தூருல நர்சு வருது, வந்தத எழுதுது. நம்மூருல வல்ல. வராதத யாரு எழுதுறது?"

"நம்மதான் எழுதணும் பெரியம்மா," என்றாள் ஜெசிந்தா.

நூலகத்தில் 'வாசகர் பரிந்துரை ஏடு' என்று ஒன்று உண்டு. வாங்க வேண்டிய புத்தகங்களை வாசகர்கள் எழுதுவதற்கு. பல வருடமாகக் கல்யாணமாகாத பெண் மாதிரி அப்படியே புத்தம்புதிதாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு ஒரு வரி. 'இன்று எதிர்க் கட்டடம் பூட்டு.' 'இன்றும் பூட்டு.' 'இன்று பூட்டு, வாசலில் ஆடு.' கீழே எல்லாரும் கையெழுத்து. பரிந்துரை என்ன என்று கேட்டால், திறக்க வேண்டும் என்பதுதான் பரிந்துரை.

இது விளையாட்டு இல்லை. தேவிக்கு எட்டாம் மாதம். காலில் வீக்கம், அடிக்கடி தலைவலி. பிரஷர் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அழகம்மா ஒருநாள் வேலையை விட்டால் அந்த வாரம் அடுப்பு பாதிதான் எரியும். வாசலுக்கு எதிரே ஒரு கட்டடம் பளபளவென்று நிற்கிறது, உள்ளே பிரஷர் பார்க்கிற மிஷின் இருக்கிறது, திறக்க ஆளில்லை.

அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபைக் கூட்டம். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். வழக்கமாக எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தீர்மானங்கள் முன்கூட்டியே டைப் அடித்து வந்திருக்கும், நாம் போய்க் கைதூக்கி, கேசரி சாப்பிட்டு வருவோம். அன்று மூன்று கட்சிப் பெரியவர்களும் முன் வரிசையில் இருந்தார்கள். நான் பின்னால் ஓரமாக.

'மருத்துவ வசதி சிறப்பாக உள்ளது' என்று கூட்டம் நடத்த வந்த அதிகாரி படித்ததும் அழகம்மா எழுந்தார். கையில் பரிந்துரை ஏடு.

"சார், எந்தூரு மருத்துவ வசதிங்க சார்?"

அதிகாரி கோபப்படவில்லை. அவருக்குப் பக்கத்தில் சுகாதார நிலையத்துக் காகிதங்களைப் பார்க்கிற எழுத்தர் ஒருவர் பதிவேட்டோடு தயாராக உட்கார்ந்திருந்தார். "எல்லா வேலை நாளும் நர்ஸ் வந்து கையெழுத்துப் போட்டுருக்காங்க சார். தெறந்துதான் இருந்துச்சு," என்றார்.

"நாங்க தினமும் பாத்து எழுதிருக்கோம் சார். பூட்டித்தான் கெடந்துச்சு," என்றாள் ஜெசிந்தா.

"நீங்க எழுதுனா ஆச்சா? நீங்க அந்நேரம் அங்கிட்டு இருந்தீங்கன்னு என்ன சாட்சி?" என்றார் எழுத்தர்.

"லைப்ரரி ரிஜிஸ்தர்ல நேரம் போட்டு எங்க கையெழுத்து இருக்கு சார். அது கவர்மென்ட் ரிஜிஸ்தர்தானே?"

"சரிதான். கொண்டாரச் சொல்லுங்க," என்றார் அதிகாரி.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அழகம்மாவும் பார்த்தார். நல்ல நம்பிக்கையோடு பார்த்தார்.

பந்தலிலிருந்து நூலகக் கதவு வரை இருபது, இருபத்தைந்து தப்படி இருக்கும். என் பணிக்காலத்தில் நான் நடந்த மிக நீளமான தூரம் அதுதான். ஓய்வு பெற ஐந்து மாதம். அந்தப் பதிவேட்டில் பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் உண்மை, முப்பது பேர் என் படைப்பு. சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். பதிவேடு மேலே போயிருக்கிறது என்று சொல்லலாம். விடுமுறை நாளில் திறக்க அனுமதி இல்லை என்றால் யாரும் மறுக்கவும் முடியாது. மூன்றும் நல்ல காரணங்கள்தான். இப்படிப்பட்ட காரணங்களை உண்டாக்கும் பயிற்சியை நமக்குப் பணிக்காலம் முழுக்கக் கொடுக்கிறார்கள்.

நான் எதையும் சொல்லவில்லை. அது தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனேன், வாயைத் திறக்காமல் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண்களின் கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்ல எனக்கு இருபத்தைந்து தப்படி அவகாசம் இருந்தது. நான் அதை அதிர்ஷ்டத்தின் கையில் விட்டேன். என் வேலைக்காலத் தவறுகளில் பெரியது எது என்று கேட்டால், பொய் எழுதியதைவிட இதைத்தான் சொல்வேன்.

அதிகாரி படிக்கத் தெரிந்தவர். இப்படி ஒருவர் வருவார் என்று யார் எதிர்பார்த்தது? பக்கத்தை மேலிருந்து படித்தார். இன்னொரு பக்கம். இன்னொரு பக்கம்.

"பரவாயில்லையே, ஊர்ல இவ்ளோ பேரு படிக்கிறாங்களா? யாரு இந்தக் கருப்பையா, வடக்குத் தெரு? ஒருநாள் விடாம வந்துருக்காரே. எங்க, எந்திரிச்சு நில்லுங்க பாப்பம்."

யாரும் எழவில்லை. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். "சார், அவரு செத்து ரெண்டு வருசமாச்சு சார்!"

பந்தலே சிரித்தது. எழுத்தர் ரொம்பச் சிரித்தார். நான் அழகம்மாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் கணவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். எத்தனையோ முறை அவரைப் பற்றி என்னிடம் பேசியிருக்கிறார், 'தேவி அப்பா' என்றுதான் சொல்வார். அவர் பெயர் என்ன என்று நானும் கேட்டதில்லை. கேட்காமலேயே தினமும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"செத்தவரு வந்து படிக்கிற ரிஜிஸ்தர நம்பியா நான் தீர்மானம் போடுறது?" என்று அதிகாரி அதை மூடினார்.

அப்போதுதான் எழுந்தேன். "சார், அந்த முப்பது பேரும் நான் எழுதுனது. இந்த ஒம்பது பொம்பளைகளும் முன்னால இருக்குற மூணு பெரியவங்களும் மட்டுந்தான் வந்தவங்க," என்றேன். "எது பொய்யுன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஒவ்வொண்ணையும் நாந்தான் ஒக்காந்து எழுதுனேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று கட்சிக்காரர்களும் முதல் முறையாக ஒரே செய்தியை ஒரே மாதிரி கேட்டார்கள்.

"அப்ப ஒங்க ரிஜிஸ்தரே பொய்யி. அத வச்சு இவங்க சொல்றதையும் ஒதுக்க வேண்டியதுதான்," என்றார் அதிகாரி.

"ஒதுக்குங்க சார். ஆனா முப்பத்தொரு வருசமா இந்த வேலை பாத்தவ நான். பொய் ரிஜிஸ்தர் எப்படி இருக்கும்னு இந்தப் பந்தல்ல என்னைவிடத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. அந்த இன்னொரு ரிஜிஸ்தரையும் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க."

எழுத்தர் அதை மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். அது போதும், ஊருக்குப் புரிந்துவிட்டது. "காட்டுங்க, காட்டுங்க" என்று சத்தம். அதிகாரி கை நீட்டினார்.

நான் கடைசியாக எழுதிய பக்கத்தை மட்டும் புரட்டச் சொன்னேன். ஏன் என்றால் நானும் அப்படித்தான் செய்வேன். திங்கட்கிழமை உட்கார்ந்தால் வாரக் கடைசி வரைக்கும் எழுதிவிடுவது வழக்கம். தினமும் பொய் சொல்வது அலுப்பான வேலை, சேர்த்து வைத்துச் சொன்னால் நேரம் மிச்சம்.

அன்று அக்டோபர் இரண்டு. நர்ஸின் பெயரில் அக்டோபர் பதினைந்து வரை கையெழுத்து இருந்தது. அன்றைய விடுமுறைக்கும் சேர்த்து.

அதிகாரி டைப் அடித்து வந்த தீர்மானத்தில் அந்த ஒரு வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, அழகம்மாவிடம், "நீங்க சொல்லுங்கம்மா, எழுதுறேன்," என்றார். அழகம்மா சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு வாரத்தில் நர்ஸம்மா வந்தார். வாரத்தில் மூன்று நாள்தான். பாவம், டவுனில் எழுத்து வேலை செய்யச் சொல்லி அவரை அனுப்பியவர்களுக்காக அவர்தான் ஊரிடம் திட்டு வாங்கினார். முதல் நாளே தேவிக்குப் பிரஷர் பார்த்து, ரொம்ப அதிகம் என்று கையோடு வண்டி வரவழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் தாயும் பிள்ளையும் தங்கியிருப்பார்களா என்பது சந்தேகம் என்று அங்கே சொன்னார்களாம். பெண் குழந்தை.

எழுத்தருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லையே. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, விசாரணை வந்தது. ஒப்புக்கொண்டவரைத் தண்டிப்பது நிர்வாகத்துக்கு ரொம்பச் சுலபம், சாட்சி தேட வேண்டாம். தண்டனை தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். தனியாக வாங்கிக்கொண்டதுதான் கொஞ்சம் வருத்தம். மாதக் கடைசியில் மேலிடத்திலிருந்து போன். "என்னம்மா, ஒங்க கிளையில வாசகர் எண்ணிக்கை திடீர்னு இவ்ளோ கொறஞ்சுருச்சு?"

"செத்தவங்க வர்றத நிறுத்திட்டாங்க சார்," என்றேன். அவர் வைத்துவிட்டார்.

அழகம்மாவும் வரவில்லை. மற்ற பெண்கள் வந்தார்கள், வாசித்தார்கள், அவர் மட்டும் வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டுப் போய்விடுவார். நான் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது? சுவரில் இருந்த பத்துப் படங்களில் ஆறைக் கழற்றி, உப்பளத்துப் பெண்ணையும் மலை ஊர் நர்ஸையும் இன்னும் சிலரையும் மாட்டினேன். அது எனக்கு நானே செய்துகொண்ட ஆறுதல், வேறு ஒன்றுமில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வாரம் முன்பு ஒருநாள் உள்ளே வந்தார். உட்காரவில்லை.

"தேவி அப்பா என்னென்ன பொஸ்தகம் எடுத்தாருன்னு எழுதி வச்சுருக்கீகளாமே. எடுங்க."

எடுத்துக் காட்டினேன். ஒன்று விடாமல் அந்தப் பத்து அண்ணன் தம்பிகள் எழுதியவை. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

"உசுரோட இருந்தப்ப அவரு லைப்ரரி பக்கம் தலவச்சுப் படுத்ததில்ல. இதுல ஒண்ணக்கூட முடிச்சிருக்க மாட்டாரு, மூணாம் பக்கத்துல தூங்கிருப்பாரு," என்றார். அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. "சக்கரையில காலு புண்ணாகி, ரெண்டு தடவ எதுத்த கட்டடத்துக் கதவு வரைக்கும் நொண்டிக்கிட்டுப் போயி, பூட்டப் பாத்துட்டுத் திரும்பி வந்தாரு. மூணாந்தடவ போகல."

மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"அந்த நர்சம்மா எழுதுன பொஸ்தகம் இருக்குல்ல, அத அவரு பேருல ஒரே ஒரு தடவ போடுங்க. இம்புட்டுப் போட்டீக. கடேசியா அவரு படிக்க வேண்டிய ஒண்ணு இருக்கட்டும்."

பேனா என் கையில்தான் இருந்தது. நூற்றுக்கணக்கான தடவை எழுதிய பெயர். இந்த ஒரு தடவை எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை, ஒரு மனசுக்கு ஆறுதல். பொய் எழுதச் சொல்லி என்னிடம் யாரும் இவ்வளவு நியாயமாகக் கேட்டதில்லை. பந்தலில் எழுந்து நின்றது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"முடியாதுங்க அழகம்மா," என்றேன்.

அவர் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி. அப்ப எம்பேருல போடுங்க. அவருக்கும் சேத்து நானே படிச்சுக்கிறேன்."

அவர் உறுப்பினராகச் சேர்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. படிவத்தை எடுத்து நிரப்பினேன். பெயர், தெரு, வயது. அடுத்த கட்டத்தில் கணவர் பெயர். நான் தயங்கி நிமிர்ந்து பார்த்தேன்.

"எங்கிட்டயா கேக்குறீக?" என்றார் அழகம்மா. "ரெண்டு வருசமா நீங்கதான எழுதுனீக. இப்பவும் எழுதுங்க."

எழுதினேன். அந்தப் பெயரை நான் உண்மையாக எழுதியது அந்த ஒரு தடவைதான்.